கண்டியில் லொறிக்கு ஏசி எதற்கு?

பழைய லொறி ஒன்றுக்கு எஞ்சின் மாற்றும்போது முதலில் பழைய இரும்புக் கடைக்குப் போவது எது என்று கண்டிப் பக்கத்துக் கராஜ்களில் விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: ஏசி. வருகின்ற எஞ்சினில் பழைய கம்ப்ரசர் நேராகப் போய் உட்காராது. அதற்கு ஒரு தாங்கி செய்ய வேண்டும், குழாய்களின் நீளத்தை மாற்ற வேண்டும், பெல்ட் ஓடும் கோடு சரிவர வேண்டும், மின்சாரமும் ஒத்துவர வேண்டும். முதலாளி கணக்குப் பார்க்கிறார். எஞ்சினுக்கே கையில் இருந்தது முடிந்துவிட்டது. "கண்டியில் லொறிக்கு ஏசி எதற்கு?" என்கிறார். அத்தோடு விவகாரம் முடிகிறது. குழாயைக் கழற்றியவுடன் உள்ளே இருந்த காஸ் 'உஸ்' என்ற சத்தத்தோடு ஹந்தானை மலைப்பக்கம் போய்விடுகிறது.

அந்தக் கேள்வியே பிழை என்பதுதான் என் கட்சி. லொறியில் ஏசி ஆடம்பரம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. முதலாளி காரில் ஏசி இல்லாமல் பேராதனைக்குக்கூடப் போகமாட்டார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் லொறியில் இருப்பவருக்கு அது வேண்டாம் என்று தீர்மானிப்பவரும் அவர்தான்.

எஞ்சின் மாற்றுவது நம் நாட்டில் புதிய சங்கதியன்று. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தைக் கடந்து வந்த ஆங்கிலேய லொறிகளுக்கு, 1977க்குப் பின்னர் சந்தை திறந்ததும் ஜப்பானிய டீசல் எஞ்சின்கள் ஏறின. அந்த வித்தை இன்றுவரை வாழ்கிறது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில் கதவு மீண்டும் திறந்தபோதும், வரியையும் விலையையும் கேட்டவர்கள் பலர் வந்த வழியே திரும்பினார்கள். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இருபது, முப்பது வயதான லொறிகளைச் சாகவிடாமல் காத்தவர்கள் நமது பாஸ்மார்தான். பஞ்சிகாவத்தையில் வாங்கிய எஞ்சினை லொறியில் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏறி வந்து, கட்டுகஸ்தோட்டையிலோ கம்பளையிலோ ஒரு தகரக் கூரையின் கீழ் இறக்கி, சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டுப் பொருத்தினார்கள். பத்தரை அடி, பதினாலரை அடி என்று நம்மவர்கள் தட்டின் நீளத்தால் பெயர் சொல்லி அழைக்கும் இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கன்டர் லொறிகளில் எத்தனை இன்று பிறந்தபோது இருந்த எஞ்சினோடு ஓடுகின்றன என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காலையும் மாலையும் இதமான காற்று வீசும். உண்மைதான். ஆனால் கண்டி லொறி கண்டியில் நிற்பதற்காக வாங்கப்பட்டதா? ஏ 9 பாதை தொடங்குவதே கண்டியில்தான். மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என்று 321 கிலோமீற்றர் ஓடி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. மரக்கறி ஏற்றத் தம்புள்ளைக்கும், வெங்காயம் ஏற்ற யாழ்ப்பாணத்துக்கும், சீமெந்து ஏற்றப் புத்தளத்துக்கும், துறைமுகச் சாமான் ஏற்றக் கொழும்புக்கும் போகிற வண்டி அது. உலர்வலயத்தின் சித்திரை மாதப் பகலில், எஞ்சின் ஆசனத்துக்கு நேர்கீழே இருக்கும் லொறியின் முன்கூட்டுக்குள் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். காரில் எஞ்சின் முன்னால் இருக்கிறது. ஜப்பானிய லொறியில் அது சாரதியின் தொடைக்கடியில் இருக்கிறது. ஏற்றிய புதிய எஞ்சின் பழையதைவிடப் பெரியதென்றால் சூடும் அதற்கேற்பக் கூடும்.

வெப்பத்தை விடுங்கள். ஏசியின் முதல் வேலை குளிரூட்டுவதே அல்ல என்பதை என் தொழிலில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1902ஆம் ஆண்டு நியூயோர்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம் கோடையில் தவித்தது. காற்றின் ஈரத்தைக் குடித்துக் காகிதம் விரிந்தது. ஒரு நிறத்தின்மேல் அடுத்த நிறம் சரியாக விழவில்லை. அந்தச் சிக்கலைத் தீர்க்க வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் வகுத்த ஏற்பாடுதான் இன்றைய ஏசியின் தொடக்கம். காற்றை உலர்த்துவதே அதன் நோக்கம். குளிர் கூடவே வந்தது. அச்சுக்கூடத்தில் நிறம் விலகிய பக்கத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்திருக்கும் எவருக்கும் அந்த அச்சக முதலாளியின் வேதனை புரியும்.

அந்த ஈரம்தான் கண்டியின் பிரச்சினை. ஐப்பசி மாத மாலை மழையில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சாரதியும் கிளீனரும் மூச்சுவிட்டுக்கொண்டு கடுகண்ணாவையை இறங்கும் லொறியை எண்ணிப் பாருங்கள். வெளியே மழை கண்ணாடியைக் குளிர்விக்கிறது. உள்ளே இருவரின் மூச்சும் நனைந்த சட்டையும் காற்றை ஈரமாக்குகின்றன. சில நிமிடங்களில் முன்கண்ணாடி பால்போல வெளுக்கிறது. வைப்பர் வெளியே ஓடுகிறதே தவிர உள்ளே ஒன்றும் செய்ய முடியாது. கிளீனர் துணியால் துடைக்கிறார். சிலர் சவர்க்காரம் பூசுவார்கள், சிலர் புகையிலை தேய்ப்பார்கள். யன்னலைத் திறந்தால் மழை உள்ளே வருகிறது. எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு அந்த வெண்மையில் பட்டுச் சிதறும்போது வளைவு எங்கே, மதகு எங்கே என்பது ஊகமாகிவிடுகிறது. ஏசி வேலை செய்யும் வண்டியில் அதைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டால் ஓரிரு நிமிடத்தில் பார்வை தெளிந்துவிடும். காற்றில் உள்ள நீர் உள்ளிருக்கும் குளிர்ச்சுருளில் படிந்து, குழாய் வழியாகத் தெருவில் சொட்டிவிடும். ஆகவே கண்டியில் லொறிக்கு ஏசி எதற்கு என்று கேட்பவருக்கு என் பதில், கண்டி என்பதால்தான் என்பது.

செய்ய முடியாத காரியமா இது? இல்லை. செய்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எஞ்சின் வாங்குவதற்கு முன்னரே ஏசியைப் பற்றி யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். வாங்குகிற எஞ்சினோடு அதற்கே உரிய கம்ப்ரசரும் தாங்கியும் கிடைக்குமானால் சேர்த்து வாங்கிவிடுவதே புத்தி. அப்போது பெல்ட்டும் கப்பியும் தொழிற்சாலை வகுத்த கோட்டிலேயே ஓடும். மாற்ற வேண்டியது குழாய்கள் மட்டுமே. பல கடைகளில் எஞ்சினைத் தனியாகவும் கம்ப்ரசரைத் தனியாகவும் விற்கிறார்கள். தாங்கி மூலையில் அநாதையாகக் கிடக்கும். அந்த வார்ப்பிரும்புத் துண்டைப் பெறுமதியற்றது என்று விட்டுவிட்டு வருபவர், பிறகு லேத் பட்டறைக்கு அதைவிடப் பல மடங்கு கொடுப்பார்.

தாங்கி கிடைக்கவில்லை என்றால் செய்யத்தான் வேண்டும். இங்கேதான் நல்ல பாஸையும் அரைகுறை பாஸையும் பிரித்தறியலாம். கம்ப்ரசரை எஞ்சினின் உடலிலேயே பூட்ட வேண்டும். இடமிருக்கிறது என்று சட்டத்தில் பூட்டினால், இறப்பர் காலில் நின்று ஆடும் எஞ்சினுக்கும் ஆடாத கம்ப்ரசருக்கும் நடுவில் பெல்ட் கிடந்து திண்டாடும்; மாதத்துக்கொரு பெல்ட் அறும். மெல்லிய தகட்டை வளைத்து ஒட்டினால் டீசல் எஞ்சினின் அதிர்வில் ஒட்டு விரிசல்விடும். தடித்த தகட்டில், இரண்டு மூன்று இடங்களில் பிடித்து, கப்பிகளின் முகத்தில் நேர்கோல் வைத்துப் பார்த்து, ஒரு நூல் விலகினாலும் வாஷர் இட்டுச் சரிசெய்கிறவரிடம் வேலையைக் கொடுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

மின்சாரத்தில் ஏமாறுபவர்களே அதிகம். இந்த லொறிகளில் பல 24 வோல்ட். வானும் காரும் 12 வோல்ட். வானிலிருந்து கழற்றிய கம்ப்ரசரை 24 வோல்ட் லொறியில் பூட்டிவிட்டு, கிளட்ச் காந்தச் சுருள் எரிந்துபோனதும் 'சாமான் சரியில்லை' என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். வோல்ட் இரட்டித்தால் சுருளில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். அது எரியாமல் என்ன செய்யும்? மாறாக 24 வோல்ட் சுருளை 12 வோல்ட்டில் கொடுத்தால் கிளட்ச் இறுகப் பிடிக்காமல் வழுக்கிக் கருகும். சாண்டென் போன்ற பரவலான கம்ப்ரசர்களுக்குச் சுருள் இரண்டு வகையிலும் கிடைக்கிறது. சுருளை மட்டும் மாற்றினால் போதும்.

குழாயில் சிக்கனம் பார்ப்பது இன்னொரு வழக்கம். அழுத்தம் கூடிய பக்கத்தில் சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தலுக்கு மேல் சாதாரணமாக நிற்கும். அதைத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கிளிப் தாங்காது. இயந்திரத்தில் நசுக்கிய முனைதான் வேண்டும். பழைய ஆர் 12 காலத்து லொறி என்றால் எண்ணெயையும் மாற்ற வேண்டும். அன்றைய கனிம எண்ணெய் இன்றைய ஆர் 134ஏ காஸோடு கலக்காது. கலக்காத எண்ணெய் குழாயில் எங்கோ தேங்கிக் கிடக்க, கம்ப்ரசர் வறண்டு இறுகிவிடும். இறப்பர் வளையங்களையும் உலர்த்தியையும் புதிதாகப் போட வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். எஞ்சின் வேலை இரண்டு கிழமை இழுக்கும்போது, வாய் திறந்தபடி கிடக்கும் குழாய்கள் கண்டி மழைக்காற்றை அந்த இரண்டு கிழமையும் குடித்துக்கொண்டிருக்கின்றன. கழற்றியவுடன் ஒரு பொலித்தீன் துண்டைக் கட்டிவைத்தால் பாதித் தொல்லை குறையும்.

மலைநாட்டுக்கே உரிய ஒரு நுட்பமும் உண்டு. காஸ் ஏற்றுமுன் வெற்றிடப் பம்பு வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவார்கள். கொழும்பில் மானி 29 அங்குலத்துக்கு மேல் காட்டும். கண்டியில் ஏறத்தாழ 28தான். நுவரெலியாவில் 24ஐத் தாண்டாது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தமே குறைவு என்பதுதான் காரணம். இதை அறியாத இளைஞர்கள் எங்கோ கசிகிறது என்று நினைத்து நல்ல குழாயைக் கழற்றிப் பூட்டுகிறார்கள்.

ஏற்றத்தைப் பற்றியும் ஒரு சொல். வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் வழக்கமாக ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும். மாவனல்லையைக் கடந்து முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் லொறி முக்கி முனகி ஏறும்போது எஞ்சினின் சூடு உச்சத்தில் இருக்கிறது, எதிர்க்காற்றோ மிகக் குறைவு. பெரிய எஞ்சினை ஏற்றிவிட்டுப் பழைய சிறிய ரேடியேட்டரையே வைத்திருந்தால் தண்ணீர் கொதிக்கத்தான் செய்யும். பழி ஏசிமேல் விழும். விசிறியைச் சுற்றியுள்ள கூட்டைத் தூக்கி எறியாமல் இருப்பதும், கண்டென்சருக்குத் தனி மின்விசிறி வைப்பதும், அழுத்தம் எல்லை மீறினால் தானாக நிறுத்தும் சுவிட்சை இணைப்பதும் இதற்கான மருந்துகள். அந்தச் சுவிட்சின் இரண்டு கம்பிகளையும் முறுக்கி ஒன்றாக்கிவிட்டு 'வேலை முடிந்தது' என்பவரைக் கண்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

தொடக்கத்தில் 'உஸ்' என்று போன காஸை நான் மறந்துவிடவில்லை. இலங்கை 1989 டிசம்பரில் மொன்றியல் உடன்படிக்கையில் சேர்ந்தது. ஓசோனை அரித்த ஆர் 12, வளர்முக நாடுகளில் 2010 ஜனவரியோடு விடைபெற்றது. அதற்குப் பதிலாக வந்த ஆர் 134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் எடைக்கு எடை கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 1,430 மடங்கு வல்லது. ஒரு வண்டியில் 700 கிராம் இருக்கிறது என்று வையுங்கள். அதைத் திறந்துவிடுவது ஒரு தொன் கரியமிலவாயுவை வெளியே விடுவதற்குச் சமம். ஏறக்குறைய 370 லீற்றர் டீசலை எரித்தால் வருகிற அளவு அது. நமது லொறிகள் ஆண்டுதோறும் வருமானவரி உத்தரவுப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகின்றன. 2008 முதல் நடைமுறைக்கு வந்த நல்ல ஏற்பாடு அது. கரும்புகை எவ்வளவு என்று கருவி வைத்து அளக்கிறார்கள். அதே லொறி முந்திய கிழமை கராஜில் ஒரு தொன்னுக்குச் சமமானதை ஐந்து நிமிடத்தில் விட்டதை எந்தக் கருவியும் காணாது. எஞ்சின் மாறினால் அதன் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்திப் பதிய வேண்டும். அந்தப் படிவத்தோடு, பழைய காஸை முறைப்படி உறிஞ்சி எடுத்த கராஜின் துண்டு ஒன்றையும் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

கேட்பதானால் கராஜுக்கு அதற்கான கருவி வேண்டும். காஸை உறிஞ்சிச் சிலிண்டரில் சேர்க்கும் இயந்திரம் ஒரு சிறிய பாஸ் தனியாக வாங்கக்கூடிய விலையில் இல்லை. நகருக்கு இரண்டு மூன்றை வாங்கிவைத்து வாடகைக்குக் கொடுக்கலாம். மாகாண சபையோ வர்த்தகர் சங்கமோ செய்யக்கூடிய காரியம்தான். இதில் கராஜ்காரருக்கு நட்டமில்லை. இலங்கை 2018இல் ஏற்றுக்கொண்ட கிகாலித் திருத்தத்தின்படி இந்த வகைக் காஸ்களின் பாவனை 2024இல் உச்சவரம்போடு நிறுத்தப்பட்டது. 2029இல் 10 சதவீதமும், 2035இல் 30 சதவீதமும், 2045இல் 80 சதவீதமும் குறைய வேண்டும். இன்று வானத்துக்கு விடுவதை நாளைக்கு அவர் கூடிய விலைக்கு வாங்குவார்.

முதலாளியின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2022 ஜனவரியில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் அவ்வருடம் ஜூன் இறுதியில் 460 ரூபாவானது. நாட்கணக்கில் வரிசையில் நின்று, பிறகு கியூஆர் அட்டைக்கு அளந்து வாங்கிய எரிபொருளில் ஏசி ஓட்டு என்று சொல்லும் துணிவு அன்று எனக்கும் இருந்திருக்காது. ஆனால் அந்த நெருக்கடிக்கால வழக்கத்தை நிரந்தர விதியாக்கிவிட்டோம். கம்ப்ரசர் தின்பது சில குதிரைவலு. எஞ்சின் தருவதோ நூறுக்கு மேல். வெயிலில் வெந்து தலைசுற்றிய சாரதி, தம்புள்ளைக்கும் கண்டிக்கும் நடுவில் கண்ணயர்ந்தால் வரும் செலவை யார் எந்தப் புத்தகத்தில் எழுதுகிறார்கள்?

இந்தியா 2023 டிசம்பரில் ஒரு விதியை அறிவித்தது. மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்கள், 2025 அக்டோபர் முதலாம் திகதிக்குப் பின் உற்பத்தியாகுமானால், சாரதியின் அறைக்கு ஏசியோடுதான் வெளிவர வேண்டும். உற்பத்தியாளர்கள் செலவு கூடும் என்று தயங்கிய விவகாரம்தான். கடைசியில் சாரதி இருக்கும் இடமும் ஒரு வேலைத்தலம் என்று சட்டமே ஒப்புக்கொண்டது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் கனரக வண்டி ஓட்டும் எம்மவர்களுக்கு இது செய்தியே அல்ல. ஏசி இல்லாத வண்டியில் அவர்கள் ஏறவேமாட்டார்கள். புதிய வண்டி வாங்க வழியில்லாத நமக்கு அப்படியொரு விதியால் நேரடிப் பயன் குறைவு. நமது புதிய லொறி என்பது பெரும்பாலும் பழைய லொறிக்குள் ஏறும் இன்னொரு பழைய எஞ்சின்தான். ஆகவே நமக்கான விதியை அந்த எஞ்சின் ஏறும் நாளில்தான் எழுத முடியும்.

வெளிநாட்டிலிருந்து இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்டியிலும் மாத்தளையிலும் ஓடும் லொறிகள் சிலவற்றின் பின்னால் உங்கள் உழைப்பின் பணம் இருக்கிறது. தம்பிக்கோ மைத்துனருக்கோ எஞ்சின் மாற்றப் பணம் அனுப்பும்போது, கம்ப்ரசரையும் தாங்கியையும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். சுருள் 24 வோல்ட்டா என்று கேட்கச் சொல்லுங்கள். பஞ்சிகாவத்தைக் கடையில் நிற்கும்போதே கேட்டுவிட்டால் வேலை சுலபம். எஞ்சின் கடுகண்ணாவை ஏறிவிட்ட பிறகு கேட்டால் லேத் பட்டறைதான்.